அடுத்த மாசத்து அரிசி

ரேஷன்கடை மெஷின் மூன்று கிலோ அரிசியைக் கொட்டிவிட்டு நின்றுவிட்டது. செல்லக்கிளி பையை விரித்துப் பிடித்தபடியே காத்திருந்தாள். தலைக்கு மூன்று கிலோ. அவளுக்கும் ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருஷன் பால்சாமிக்குமாக ஆறு வரவேண்டும். அந்த மெஷின் இதுவரை ஒரு பிடிகூட அளவு தப்பினதில்லை.

"என்ன தம்பி, மெஷின் மக்கர் பண்ணுதா?"

கடைக்காரர் திரையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது அடுத்த மாசத்து அரிசிதான்க்கா. அடுத்த மாசம் இருக்கிற தலைக்குத்தான் மெஷின் அளக்கும். ஆஸ்பத்திரிப் பதிவுல டாக்டர் எதை மாத்தினாலும் இங்க அளவு தானா மாறிடும். என் கையில ஒண்ணும் இல்ல."

"காலையிலகூட எம் புருஷன் நல்லாப் பேசினாரே!"

அவர் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

செல்லக்கிளி பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பால்சாமி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். முகத்தில் மூன்று வாரமாக இல்லாத தெளிச்சி.

"பத்து நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்னு டாக்டர் இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு. இனிமே உன் கையால ஆக்கின சோறுதான். அரிசி வாங்கிட்டியா?"

அவள் பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"வாங்கிட்டேன்யா," என்றாள். "ஆறு கிலோவும் வந்துச்சு."