திண்டிவனத்து ரசிகை

"இதுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போதும் தம்பி. ஆளை இன்னைக்கே உள்ள தள்ளிடலாம்" என்று காகிதத்தைக் கட்டில்மேல் வைத்தார் ஏட்டு விருத்தாசலம்.

ரஞ்சித் காகிதத்தைப் பார்க்கவில்லை. கம்பி வைத்துக் கட்டி, தலையணைமேல் தூக்கி வைத்திருந்த தன் வலது காலைத்தான் பார்த்தான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அவன் வந்து பதினெட்டு நாளாகிறது. சென்னையில் ஒரு பாலே குழுவில் ஆடுகிறவன். சொந்த ஊரான கண்டாச்சிபுரத்துக்கு லீவில் வரும் வழியில், திண்டிவனத்தில் பஸ் மாற இறங்கினான். இருட்டத் தொடங்கிய நேரம். ரோட்டைத் தாண்டியவனை ஒரு ஸ்கூட்டர் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது.

"யாரு சார் அவன்?"

"தேவான்னு பேரு. வீடு வீடா பார்சல் குடுக்கிறவன். ஹெல்மெட்டு, ஆம்பள முழுக்கைச் சட்டை, கிரே கலர் வண்டின்னு டீக்கடைக்காரரு சொன்னாரு. எல்லாம் பொருந்துது. இவனத்தான் பாத்தேன்னு நீங்க சொன்னா முடிஞ்சுது."

"நான் முகத்தையே பாக்கலியே சார்."

"பாக்கலன்னா என்னடா? போடு!" என்று பாய்ந்தாள் அம்மா பாஞ்சாலி. "ஆடிக்கினு இருந்த புள்ளையப் படுக்க வெச்சிட்டுப் போனவன் வெளங்குவானா? அவன் கை அழுகிப்போவ!"

சபித்த வாயோடு, பக்கத்தில் நின்ற அன்புச்செல்வி நீட்டிய ஆட்டுக்கால் சூப்பை வாங்கிக்கொண்டாள். "இந்தப் பாப்பாவும் மனுஷிதானே? பெத்த பொண்ணுகூட இப்படிப் பாத்துக்காது."

அன்புச்செல்விக்குத் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. பேப்பரில் செய்தி பார்த்தேன் என்று ஐந்தாம் நாள் வந்து நின்றாள். அன்று முதல் தினமும் பஸ் ஏறி வருகிறாள். 'எந்தப் படத்துல ஆடுற? ஹீரோவுக்குப் பின்னாடி எத்தனாவது ஆளு?' என்று சொந்தக்காரர்களே கேட்கிற ஊரில், இவள் அவன் ஆடிய ஒவ்வொன்றையும் போனில் பார்த்து வைத்திருந்தாள்.

"மத்தவங்க எவ்ளோ உசரம் போறோம்னு காட்டுவாங்க. உங்ககிட்ட எறங்குறதுதாங்க அழகு. தரைக்கு வலிக்கப்போவுதேன்னு பாத்துப் பாத்து எறங்குற மாதிரி இருக்கும்" என்று முதல் நாளே சொன்னாள். ஐந்து வருஷத்தில் குழுவில் ஒருவரும் அவனிடம் இப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு பேச்சுக்காகவே அவன் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

இப்போது அவள் முகம் வெளிறியிருந்தது. "பாக்காத ஆளு மேல எப்படிங்க கையெழுத்து போடுவீங்க?"

"நீ சும்மா இரு பாப்பா" என்றாள் பாஞ்சாலி.

"டீ குடிச்சிட்டு வர்றேன். ஜல்தி முடிவு பண்ணுங்க" என்று ஏட்டு கிளம்ப, அவரை விட்டால் காரியம் கெட்டுவிடும் என்பதுபோல் பாஞ்சாலியும் பின்னாலேயே ஓடினாள்.

ரஞ்சித் பேனாவை எடுத்தான்.

"வேணாங்க. போடாதீங்க."

"டாக்டர் காலைல சொல்லிட்டாரு அன்பு. நடக்கலாமாம். குதிக்கிறதப் பத்தி மட்டும் கேக்காதீங்கன்னாரு." காகிதத்தைப் பக்கத்தில் இழுத்தான். "யாராவது ஒருத்தன் இதுக்குப் பதில் சொல்லணும். அது இவனா இருந்தா என்ன, எவனா இருந்தா என்ன?"

"அந்த ஆளு ஒண்ணும் பண்ணலன்னா? பொண்டாட்டி புள்ளைங்க இருக்காதா அவருக்கு?"

"எனக்குக் கால் இருந்துச்சே!" பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் ஆடுறதப் பாத்தவங்க நீங்க. உங்களுக்கே கோவம் வரலியா? நானே அமைச்ச மொத ஆட்டம், அடிபட்ட அன்னைக்கு சாயங்காலம்தான் நெட்டுல போட்டாங்க. இனிமே அதுதான் கடைசி. எல்லாத்தப் பத்தியும் பேசுறீங்க, அதப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசல. புடிக்கலியா?"

"உசுருங்க அது. போட்ட நிமிஷமே பாத்தேன்." அவள் தரையைப் பார்த்தாள். "பாதிதான் பாத்தேன்."

"பாதியா? எது வரைக்கும்?"

"அந்தப் பொண்ணு தோள்லேந்து நீங்க பின்னாடி சாஞ்சு குதிப்பீங்களே... காத்துல இருக்கிற வரைக்கும்."

அவனுக்குக் காலைவிட மனசு வலித்தது. அந்த ஒரு இறக்கத்துக்காக முழுசாக ஒரு மாதம் உடம்பைப் பிழிந்திருக்கிறான். பொறுக்கமாட்டாமல் பேனாவின் மூடியைக் கழற்றினான்.

"எறங்குறதுதான் அழகுன்னு சொன்னவங்க நீங்க. அந்த எடத்துல போயி யாராவது நிறுத்துவாங்களா?"

வராந்தாவில் ஏட்டின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. அன்புச்செல்வி அவன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் நிறுத்தலீங்க" என்றாள். "சுடிதாருக்கு மேல ஆம்பள சட்டையப் போட்டுக்கினு, ஹேண்டில்ல போனை மாட்டிக்கினு, பாத்துக்கினே வண்டி ஓட்டினு வந்தேன். போன்ல நீங்க தரையில எறங்குறதுக்குள்ள, வண்டிக்கு முன்னாடி நீங்களே வந்து நின்னுட்டீங்க."