பூ வைக்காமல் இறங்கிய மாடுகள்

"என்னய்யா இது, ஒரு மாட்டுத் தலையிலயும் பூவைக் காணோம்?"

ரோஸ்விதா கத்தின கத்துல முன்னால வந்த மாடே நின்னுடுச்சு.

கத்தாம என்ன பண்ணுவா? லெர்ஷ்பாக் மலையில கோடை முழுக்க மேஞ்ச மாடுங்க செப்டம்பர் கடைசியில கீழ இறங்கும். தலை நிறைய பூவும் பைன் தழையும், கழுத்துல பானையாட்டம் மணியுமா வரும். அதைப் பாக்கத்தான் ரோஸ்விதாவோட விடுதி வாசல்ல ஒரு பஸ் ஜனம் காமிராவும் கையுமா நிக்குது. பேண்டுக்காரங்க குழலை வாயில வச்சுக்கிட்டுத் தயாரா இருக்காங்க. இந்த மாட்டுக்காரன் கோர்பினியான் என்னடான்னா, அத்தனை மாட்டையும் மொட்டையா ஓட்டிட்டு வந்திருக்கான். மணி கூட இல்லை.

"பூ கட்ட சோம்பலா?"

"சோம்பல் இல்லை. இந்த வருஷம் கட்டக் கூடாது."

"ஏன் கூடாது? எந்த மாடு செத்துச்சு?"

கேட்டது நியாயம்தான். மேய்ச்சல்ல ஒரு மாடு செத்தாலோ, மாட்டுக்காரன் வீட்டுல சாவு விழுந்தாலோ அந்த வருஷம் பூ கிடையாது. இதுல யாரும் ஏமாத்த முடியாது. அலோய்ஸ்னு ஒருத்தன் ஏமாத்திப் பாத்தான். மின்னல்ல செத்த மாட்டுக்குப் பதிலா, அதே நிறத்துல பக்கத்துப் பள்ளத்தாக்குல ஒண்ணை வாங்கி, பூ வச்சு ஓட்டிட்டு வந்தான். முச்சந்தி வந்ததும் அது பூவோட பழைய வீட்டுப் பக்கம் ஓடிடுச்சு! மூணு வருஷம் அவன்கிட்ட ஒருத்தரும் பால் வாங்கலை. பாவம், பொண்டாட்டி நல்லவ. அது கெடக்கட்டும்.

ரோஸ்விதா விரலை நீட்டி நீட்டி எண்ணினா.

"இருபத்து மூணு. ஜூன்ல மேல போனதும் இருபத்து மூணுதான். உனக்கோ பொண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. சாகறதுக்கு யாரு இருக்கா உன் வீட்டுல?"

"உனக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்தே வாய் ஜாஸ்தி, ரோஸ்விதா."

"அந்தப் பள்ளிக்கூடத்துல என் நோட்டைப் பாத்து எழுதித்தானே நீ பாஸ் பண்ணினே!"

பஸ்ஸைக் கூட்டிட்டு வந்த லாம்பெர்ட் கடிகாரத்தைப் பாத்தார்.

"அம்மா, பூ வச்ச மாடுன்னு சொன்னீங்க. பக்கத்துப் பள்ளத்தாக்குல நாளைக்கு இறக்குறாங்களாம். இவங்களை அங்கயே கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

இந்த மனுஷனுக்குப் பிடிச்சுப்போனா அடுத்த வருஷம் அஞ்சு பஸ் வரும். பிடிக்கலைன்னா, பனி விழுற வரைக்கும் விடுதி காலிதான்.

ரோஸ்விதா கோர்பினியானைக் கையைப் புடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போனா.

"இந்த ஊருக்கு யாரு வர்றான்னு நினைச்சே? பனி இருந்தா சறுக்க வர்றான். பனி போச்சுன்னா அவனும் போயிடுறான். ஏப்ரல்ல ஊரே சேறு. மலைக்கு ஏத்திவிடுற லிஃப்ட் ஓடாது, பேக்கரி பூட்டிக் கெடக்கும், நாய் கூட எட்டிப் பாக்காது. அப்பவும் வந்து தங்கினது ஹெட்விக் அம்மா ஒருத்தங்கதான்."

அது நிஜம். எங்கயோ தூரத்துல இருக்கிற ப்ரேமன் பட்டணத்துலேர்ந்து முப்பத்தொரு வருஷமா வந்தாங்க. ஜனவரியில சறுக்க, ஏப்ரல்ல அந்தச் சேத்துல நடக்க, ஜூலையில புல்லு வாசனைக்கு, செப்டம்பர்ல மாடு பாக்க. ஒரு தடவை கால் ஒடிஞ்சு மாவுக்கட்டோட வந்தாங்க. ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு, சறுக்கி விழுறவங்களுக்கெல்லாம் மார்க் போட்டாங்க! கோர்பினியானோட சீஸ்ல உப்பு அதிகம்னு வர்றப்போ எல்லாம் சண்டை போடுவாங்க. போகும்போது நாலு கிலோ வாங்கிட்டுப் போவாங்க.

"அந்தம்மாவும் ஆகஸ்ட்ல போய்ச் சேந்தாச்சு"ன்னு சொன்னா ரோஸ்விதா. "லெட்டர் வந்த அன்னிக்கே அவங்க ரூமை ஹாலந்துக்காரங்களுக்குக் கொடுத்துட்டேன். என்ன பண்றது, பிழைக்கணும்ல? இனிமே பஸ்தான் நமக்குச் சோறு. ரெண்டு மாட்டுக்காவது காகிதப் பூவைக் கட்டு. உள்ள பெட்டி நிறைய இருக்கு, தர்றேன்."

"மாட்டேன்."

"வீம்பு பண்ணாதே! உன் வீட்டுல யாருய்யா செத்தா, அதையாவது சொல்லு."

"ஹெட்விக் அம்மா."

ரோஸ்விதா சிரிச்சுட்டா.

"அவங்க விருந்தாளிய்யா! காசு கொடுத்துத் தங்கினவங்க!"

கோர்பினியான் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டான்.

"போன வருஷம், முப்பது வருஷமா விடாம வந்ததுக்காக மேடையில அவங்களுக்கு மெடல் குத்தி, மைக்கைப் புடிச்சு, 'நீங்க விருந்தாளி இல்லை, இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் நீங்க ஒருத்தர்'னு நீதானே அழுதுக்கிட்டே சொன்னே? நான் அதை நிஜம்னு நம்பிட்டேன், ரோஸ்விதா."