ஆட்டுக்குடல் தந்தி

மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் மழை விட்ட பிற்பகல். ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து, நான்கு தந்திச் செல்லோவை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கிறாள் பொன்னம்மா. பரோக் காலத்து ஐரோப்பிய நடனங்களின் சாயலில், ஜப்பான்காரன் ஊருக்குள் வந்த பிறகு அவளே எழுதிய இசை. துணைக்கு வேறு வாத்தியம் கிடையாது. எதிரே மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுச் சிவகாமிக்குக் கண்ணெல்லாம் முதல் தந்தியின் மேல்தான். கப்பல் நின்றுபோனதில் கடையில் தந்தி இல்லை. ஆட்டுக்குடலைச் சுரண்டி முறுக்கிச் சிவகாமிதான் செய்து கொடுத்தாள். நிழலில் காயவேண்டியதை அவசரப்பட்டு வெயிலில் போட்டுவிட்டாள். அறுந்தால் இவள் மானமும் போச்சு, அந்த இசையும் போச்சு.

“அக்கா, மெல்ல இழுங்க. கம்பி அழுவுது.”

“ஜாங்கான் தாகுட் லா, பயப்படாதே. அந்த ஆடு உயிரோட இருந்தப்ப இவ்ளோ நல்லாவா கத்துச்சு?” மலாயும் அரைகுறைத் தமிழுமாகச் சிரிக்கிறாள் பொன்னம்மா.

வில் தாழ்ந்து ஏறுகிறது. ஒற்றை வாத்தியத்துக்குள் இரண்டு பேர் இருப்பதுபோல், அடியில் ஒரு குரல் நிதானமாக நடக்க, மேலே இன்னொன்று துள்ளுகிறது. சிவகாமியின் கத்தி கிழங்கில் பாதியில் நிற்கிறது. பட்டென்று தந்தி அறுந்து பொன்னம்மாவின் கன்னத்தில் சுள்ளென்று அடிக்கிறது. சிவகாமி வாயைப் பொத்திக்கொள்கிறாள். வில் நிற்கவில்லை. பொன்னம்மாவின் இடது கை அடுத்த தந்தியில் சரசரவென்று இறங்கி, அறுந்த தந்தியின் ஸ்வரங்களை அங்கே தேடிப் பிடிக்கிறது. குரல் கொஞ்சம் கம்முகிறது. ஒரு ஸ்வரம்கூட விடுபடவில்லை. முடித்ததும், சிவந்த கன்னத்தைத் தடவக்கூட நினைக்காமல் பென்சிலை எடுத்து, இசை எழுதிய தாளின் தலைப்பில் எழுதுகிறாள்: மூன்று தந்திகளுக்கு.