துண்டுக்குள் நடப்பது

மாட்டுச்சந்தையில் முப்பது வருடமாகத் தரகு பார்க்கும் பொங்கியண்ணனுக்கு ஒரு கர்வம் உண்டு. துண்டுக்கடியில் விரல் பிடித்து அவர் பேசிய விலை ஒன்றுகூட வெளியே கசிந்ததில்லை. அன்றைக்கு அவருக்கு வலப்பக்கம் நாச்சிமுத்துவும் இடப்பக்கம் நாச்சிமுத்துவின் தம்பி சின்னியப்பனும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாகம் பிரித்தபோது ஒரு ஜோடிக் காளையை ஆளுக்கு ஒன்றாக ஓட்டிக்கொண்டு போனவர்கள். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. இப்போது அண்ணன் நாச்சிமுத்து தன் காளையை விற்க வந்திருந்தார். தம்பியின் கட்டுத்தரையில் அதன் ஜோடி ஒற்றையாக நின்றது.

“அடிமாட்டு வண்டியில ஏறினாலும் ஏறட்டும். அவனுக்குக் கொறைக்க மாட்டேனுங்க” என்றார் அண்ணன்.

“அவருகிட்டச் சும்மா கேக்க நான் வரலைன்னு சொல்லுங்க” என்றார் தம்பி.

பொங்கியண்ணன் துண்டை விரித்துப் போட்டு, அதற்கடியில் இருவர் கையையும் பிடித்தார். அண்ணன் நான்கு விரலை அழுத்தினார். தம்பி மூன்றோடு நின்றுவிட்டார். அடிமாட்டு வியாபாரி கயிற்றோடு நெருங்கி வந்தார். தரகர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

வியாபாரி வந்து சேர்ந்தபோது பொங்கியண்ணன் இரண்டு கையாலும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் இன்னும் ஆளுக்கொரு திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, இருவர் கைமேலும், துண்டு கீழே விழாமல் தொங்கி, லேசாக அசைந்தது.

“என்ன வெலைக்குங்க முடிஞ்சுது?” என்றார் வியாபாரி.

“என்ற துண்டுக்குள்ள நடக்கறத நான் வெளிய சொல்றதில்லீங்க” என்றார் பொங்கியண்ணன், நிமிர்ந்து நின்று.