மணிக்கூண்டுக்கு இருபது நிமிடம்

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மணிக்கூண்டு உங்க தலையில இருந்து முளைச்ச மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

கணக்கு வாத்தியார் தள்ளி நின்றார். பின்னால் நீல வானம், நாலு வெள்ளை மேகம், நடுவே நகரத்தின் புகழ்பெற்ற மணிக்கூண்டு. இதைப் பார்க்கத்தான் மூன்று நாளாகக் குடும்பமே நாயாய்ப் பேயாய் அலைந்தது.

"அப்பா, வானத்துல சுவிட்ச் போர்டு இருக்கு!" என்றாள் எட்டு வயது மகள்.

இருந்தது. ஏனென்றால் அது வானமே இல்லை. புறநகர் லாட்ஜின் வரவேற்பறையில், சுவர் முழுக்க ஒட்டியிருந்த படம். மேகம் ஒன்றுக்குக் கீழே ஈ மொய்த்த மாதிரி மூன்று சுவிட்சுகள்.

எல்லாம் சகலையால் வந்த வினை. மனைவியின் அக்கா வீட்டுக்காரர், இன்சூரன்ஸ் ஏஜென்ட். போன வருஷம் குடும்பத்தோடு நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர் சும்மா இருந்தாரா? மணிக்கூண்டுக்கு முன்னால், ஊருக்கே வழிகாட்டுகிறவர் போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற போட்டோவைச் சட்டம் போட்டு நடு ஹாலில் மாட்டிவிட்டார். இவர்கள் போகும்போதெல்லாம் அக்காக்காரி அதைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்: "ஏண்டி, லீவுக்கு நீங்க எங்கயும் போகலையா?"

இந்த லாட்ஜைச் சொன்னதும் அதே புண்ணியவான்தான். "உள்ளே ரூம் எடுத்தா கொள்ளை சகலை. இங்க தங்குங்க. இருபதே நிமிஷம், மணிக்கூண்டு வாசல்லயே இறங்கலாம்!"

காக்காய்க்கு வேண்டுமானால் இருபது நிமிஷம். மனுஷனுக்கு லாட்ஜ் வேன், டவுன் பஸ், அப்புறம் இரண்டு ரயில். வாத்தியார் கட்டம் போட்டு, நிமிஷம் பிரித்து அட்டவணை எழுதினார். முதல் நாள் ஏறிய ரயில் எதிர்த்திசையில் போனது. இரண்டாம் நாள் தண்டவாளத்தில் வேலை.

மூன்றாம் நாள் ஆற்றுப் பாலம் வரை போயேவிட்டார்கள். தூரத்தில் மணிக்கூண்டு தெரிந்தது. அதில் மணி நாலு என்பதும் தெளிவாகத் தெரிந்தது. ஆறு மணிக்குக் கடைசி வேன். அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி எதிர் ரயிலைப் பிடித்தார்கள். மகள் அந்த நேரம் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க பாடப் புத்தகத்துல வர்ற ரயில் மட்டுந்தாங்க நேரத்துக்குப் போய்ச் சேரும்" என்றாள் மனைவி.

இன்று மத்தியானம் ஊருக்கு ரயில். காலையில் பெட்டியைக் கட்டும்போது அவள் கண் கலங்கிவிட்டது. "ஒரு போட்டோகூட இல்லாம போனா அக்கா மூஞ்சியில எப்படிங்க முழிக்கிறது?" வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமான நாளாக அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்காதவள். அக்கா வீட்டில் ஒரு நாளாவது தலை நிமிர்ந்து உட்காரட்டுமே என்றுதான் இந்தச் சுவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"அப்பா, இது காப்பியடிக்கிற மாதிரி இல்லையா?"

"சும்மா இரு" என்றார் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேப்பரில் ஒரே தப்பு இருந்தால் போதும், அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். இரண்டு பேரும் பெஞ்சு மேல்தான்.

லாட்ஜ் மேனேஜர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். யாரும் சொல்லாமலே வாசல் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டார். "வெயில் பட்டா சுவர் பளபளக்கும் சார், காட்டிக் கொடுத்துடும். போனைக் குடுங்க."

மூவரையும் வரிசையாக நிறுத்தினார். "சார், மணியைக் காட்டுற மாதிரி கையைத் தூக்குங்க. முழங்கை இன்னும் கொஞ்சம் பின்னால... ஆங், போர்டு மறைஞ்சிடுச்சு."

டப்! அறை இருண்டது.

"சுவிட்சை அழுத்தாதீங்க சார்" என்று இருட்டுக்குள்ளிருந்து மேனேஜர் குரல் வந்தது. மகள் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

மறுபடி டப். மறுபடியும் டப். வாத்தியாருக்குத் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. நாலாவது தடவைதான் படம் விழுந்தது. பார்த்தால் சாட்சாத் மணிக்கூண்டேதான். மனைவியின் முகத்தில் மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு திரும்பி வந்தது. வாத்தியார் கையோடு போட்டோவைச் சகலைக்குத் தட்டிவிட்டார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்ன சகலை, அசத்திட்டீங்க! மணிக்கூண்டு, மேகம், எல்லாத்தையும் அள்ளிட்டீங்களே!"

"எல்லாம் நீங்க காட்டின வழிதான் சகலை" என்றார் வாத்தியார், நாக்குக் கூசாமல். "இருபதே நிமிஷம். வாசல்லயே இறங்கிட்டோம்!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சகலை குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அது இருக்கட்டும் சகலை... உங்களுக்கு எத்தனை தடவை லைட்டு அணைஞ்சுது?"