வாசித்ததாகக் கொள்ளப்பட்டது

“அறிக்கை வாசித்ததாகக் கொள்ளப்படுகிறது” என்றார் சபைத் தலைவர்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் பொறியாளர், பக்கத்திலிருந்த சபை எழுத்தரிடம் கிசுகிசுத்தார். “இது என்ன கூத்து சார்? ஒருத்தரும் பிரிச்சே பார்க்கலையே!”

“பிரிக்க வேணாம்மா. எல்லாரும் படிச்சிட்டதா அர்த்தம்.” எழுத்தர் தன் கோட்டில் மறுபடியும் படிந்திருந்த வெள்ளைத் தூசியைத் தட்டிவிட்டார்.

“எழுதினவ நான்தான். நாலே பக்கம், வாசிச்சுடட்டுமா?”

“ஐயையோ! கூப்பிடாம நாம வாயைத் திறக்கக் கூடாது. அப்படி என்னதான் எழுதியிருக்கீங்க?”

“இந்த மண்டபத்துக் கூரையைப் பத்தி. சின்ன அதிர்வைக்கூடத் தாங்காது.”

எழுத்தர் மெல்ல அண்ணாந்து பார்த்தார்.

“அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது!” என்றார் தலைவர்.

வழக்கம்போல் இருநூறு உறுப்பினர்களும் உற்சாகமாக மேசையைத் தட்டத் தொடங்கினார்கள்.