வானத்திலிருந்து இறங்கிய இறால்

ஆண்டவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

நாடகம் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆண்டவரின் குரலாகப் பேச வேண்டிய பாடகர் குழுத் தலைவர் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. போதகர் கையைப் பிசைந்தார். திரையையும் கயிற்றையும் இழுக்க ஓரமாக நின்றிருந்தவளின் கையில் மைக்கைத் திணித்தார்.

"மூணே வசனம்தான். இந்த பிளாஸ்டிக் வாளிக்குள்ள பேசுங்கக்கா, கம்பீரமா கேக்கும்."

வாளியை வாங்கிக்கொண்டாள். மேடையில் முழங்காலிட்டு இருந்தவர் அவள் கணவர். ஆண்டவர் மாறிவிட்டது அவருக்குத் தெரியாது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சபையில் அவருக்குப் பெயர் 'செதில் அண்ணன்'. செதிலும் துடுப்பும் இல்லாத எதுவும் தண்ணீரிலிருந்து அவர் வாய்க்குப் போகக்கூடாது. பழைய ஏற்பாட்டில் அப்படித்தான் இருக்கிறது. விருந்துக்குப் போனால் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, மீன் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். கடைக்கு வருகிறவர்களின் கண்ணைக்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை.

அதெல்லாம் புதிய ஏற்பாட்டோடு முடிந்துபோனது என்று போதகர் சொல்லிப் பார்த்தார். மாடியில் பசியோடு ஜெபித்துக்கொண்டிருந்த சீடருக்கு முன்னால் வானத்திலிருந்து ஒரு விரிப்பு இறங்கியது, தீட்டென்று ஒதுக்கிய உயிர்களெல்லாம் அதில் இருந்தன, சாப்பிடு என்று குரலும் வந்தது, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

செதில் அண்ணன் மசியவில்லை. அந்தக் காட்சி மனிதர்களைப் பற்றியது, அடுப்பைப் பற்றியது அல்ல என்றார்.

வாதம் முற்றி, கடைசியில் அதையே நாடகமாகப் போடுவது என்று ஆனது. சீடர் வேடத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். சபை பார்க்க மூன்று முறை மாட்டேன் என்று சொல்லலாமே.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தவள் மனைவிதான். இறால் என்றால் அவளுக்கு உயிர். அக்கா வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் ஒரு பிடி பிடித்துவிட்டு, பல்லை நன்றாகத் தேய்த்து, ஏலக்காயை மென்றபடி வீடு வந்து சேருவாள். சொந்த அடுப்பில், சொந்தச் சட்டியில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாளாவது இறால் பொரிக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

இன்றைக்கு ஆண்டவரின் வாயே அவள் கைக்கு வந்துவிட்டது.

விரிப்பில் பன்றி பொம்மை, ஒட்டக பொம்மை, ரப்பர் பல்லி எல்லாம் தயாராக இருந்தன. நாடகத்துக்குப் பிறகு விருந்து. அதற்காகப் பொரித்து வைத்திருந்த இறாலில் ஒரு தட்டு எடுத்து, பன்றிக்கும் பல்லிக்கும் நடுவில் வைத்துக் கயிற்றை விட்டாள்.

விரிப்பு ஆடி அசைந்து இறங்கி, செதில் அண்ணனின் மூக்குக்கு நேராக நின்றது.

எழுந்து சாப்பிடு என்றது வாளி. சபைக்குப் புல்லரித்தது.

தீட்டானதை நான் தொட்டதே இல்லை ஆண்டவரே என்று அவர் கணீரென்று சொன்னார். கைதட்டல் எழுந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பேசுவதை அவர் சரியாகக் காது கொடுத்துக் கேட்டதில்லை. அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

இரண்டாம் முறையும் மறுத்தார். ஆனால் குரலில் அந்தக் கணீர் இல்லை. கண் தட்டை விட்டு நகரவில்லை. பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் முறை, நான் சுத்தம் என்று சொன்னதை நீ தீட்டு என்று சொல்லாதே என்று வசனத்தை முடித்தாள். இனி அவர் மறுக்க வேண்டும், அவள் விரிப்பை மேலே இழுக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் மறுக்கவில்லை. எச்சில் விழுங்கினார். பிறகு அண்ணாந்து பார்த்து, தனக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு முணுமுணுத்தார். காலரில் குத்தியிருந்த மைக் அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

"ஆண்டவரே, எனக்கு ஆசைதான். ஆனா அவ இதெல்லாம் தொடாம வளந்தவ. அவளுக்காகத்தான் விட்டேன். இப்ப தின்னேன்னு தெரிஞ்சா அவ மனசு தாங்காது."

அவள் கையிலிருந்து கயிறு நழுவியது. விரிப்பு தொப்பென்று அவர் மடியில் விழுந்தது.

மாப்பிள்ளை ரொம்பக் கட்டுப்பாடானவர், இறால் பேச்சையே எடுத்துவிடாதீர்கள் என்று கல்யாணத் தரகர் அன்றைக்கு அவள் அப்பாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த மனுஷன் மாப்பிள்ளை வீட்டிலும் போய் இதையேதான் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் அந்தப் பூதக்கண்ணாடி, அந்த வாதம், அந்தப் பிடிவாதம் எல்லாமே அவளுக்குக் காட்டத்தான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாளி இரண்டையும் இடியாக மாற்றிச் சபைக்கு அனுப்பியது. முன்வரிசையில் இரண்டு பேர் மண்டியிட்டுவிட்டார்கள்.

பிறகு வானம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"உன் பொண்டாட்டிகிட்ட நான் பேசிட்டேன். சாப்பிடச் சொல்றா. பெருசா பாத்து ரெண்டு மட்டும் அவளுக்கு எடுத்து வைக்கணுமாம்."